குமிழை எங்கே நிறுத்துவது: பள்ளிப் பிள்ளைகளும் தானே பவர் மாற்றிக்கொள்ளும் கண்ணாடியும்

கிட்டப்பார்வையால் மைனஸ் 2 பவர் உள்ள பிள்ளைக்கு, கண்ணாடி இல்லாமல், அரை மீட்டருக்கு அப்பால் இருக்கும் எதுவும் கூர்மையாகத் தெரியாது. மைனஸ் 4 என்றால் அந்த எல்லை கால் மீட்டர். கணக்கு எளியது: 1 மீட்டரை பவரின் எண்ணால் வகுத்தால் தெளிவு முடியும் தூரம் வந்துவிடும். புத்தகம் அந்த எல்லைக்குள் இருக்கிறது. கரும்பலகை வெளியே இருக்கிறது. வீட்டில் நன்றாகப் படிக்கும் பிள்ளை வகுப்பில் பின்தங்குவதற்குப் பல நேரம் இதற்குமேல் காரணம் தேவைப்படுவதில்லை. தனக்குத் தெரிவதுதான் எல்லோருக்கும் தெரிகிறது என்று நினைக்கும் பிள்ளை இதைப் பற்றி வாய் திறந்து சொல்வதும் இல்லை.

இந்தக் குறையைச் சரிசெய்ய மருந்தோ அறுவையோ வேண்டாம். வேண்டியது சரியான வளைவுள்ள இரண்டு லென்ஸ்கள். லென்ஸ் செய்வது இன்று பெரிய விஷயமில்லை. எந்தக் கண்ணுக்கு எந்த லென்ஸ் என்று அளந்து சொல்லும் பயிற்சி பெற்ற ஆள்தான் உலகின் பெரும்பகுதியில் பற்றாக்குறை. ஒரு மாவட்டம் முழுவதற்கும் கைவிரல்களில் எண்ணிவிடும் அளவே கண் பரிசோதகர்கள் இருக்கும் நாடுகள் பல உள்ளன. அளக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டால் என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் தானே பவர் மாற்றிக்கொள்ளும் கண்ணாடி. குமிழைத் திருகு, தெளிவாகத் தெரிந்ததும் நிறுத்து. கேட்க எளிமையாக இருக்கும் இந்த இரண்டு சொற்களில் முதலாவது உண்மையிலேயே எளிது. இரண்டாவது பெரியவர்களுக்கு எளிது, பிள்ளைகளுக்கு எளிதல்ல. ஏன் என்பதற்கு முதலில் லென்ஸைப் பார்க்க வேண்டும், பிறகு பிள்ளையின் கண்ணை.

இரண்டு வகை லென்ஸ்

முதல் வகை திரவ லென்ஸ். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜோஷுவா சில்வர் 1985இல் இதில் இறங்கினார். வட்டமான ஒரு சட்டத்தில் மெல்லிய, ஒளி ஊடுருவும் சவ்வை இழுத்துக் கட்டி, உள்ளே தெளிந்த சிலிகான் எண்ணெயை நிரப்புகிறார்கள். சவ்வைக் காக்க வெளியே கடினமான பிளாஸ்டிக் தகடு இருக்கும். கண்ணாடியின் இரு கைகளிலும் சிறு சிரிஞ்சு பொருத்தப்பட்டிருக்கும். குமிழைத் திருகினால் சிரிஞ்சிலிருந்து எண்ணெய் உள்ளே போகும். சவ்வு வெளியே புடைக்கும். பிளஸ் பவர் கூடும். எதிர்த்திசையில் திருகினால் எண்ணெய் வெளியே வரும். சவ்வு உள்ளே குழியும். மைனஸ் பவர் வரும். சரியான இடம் கிடைத்ததும் சிறு திருகாணியால் குழாயை அடைத்து, சிரிஞ்சைக் கழற்றிவிடலாம். இவ்வகையில் முதலில் பரவலாகப் போன ‘அட்ஸ்பெக்ஸ்’ பிளஸ் 6 முதல் மைனஸ் 6 வரை போகும். அது பெரியவர்களை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. பிறகு வந்த ‘சைல்ட் விஷன்’ கண்ணாடி 12 முதல் 18 வயது வரையுள்ள மாணவர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டது.

எவ்வளவு எண்ணெய் அசைகிறது என்று கணக்கிட்டுப் பார்ப்பது பயனுள்ளது. லென்ஸின் விட்டம் 40 மி.மீ., எண்ணெயின் ஒளிவிலகல் எண் 1.58, ஒரு பக்கச் சவ்வு மட்டும் வளைகிறது என்று வைத்துக்கொண்டால், 1 டயாப்டர் (பவரை அளக்கும் அலகு) மாற்றத்துக்குச் சவ்வின் நடுப்பகுதி சுமார் 0.35 மி.மீ. புடைத்தால் போதும். அதற்கான எண்ணெய் 0.2 மி.லி. சொச்சம். கண்ணாடிச் சீட்டில் நாம் பார்க்கும் மிகச் சிறிய படியான கால் டயாப்டருக்கு 0.05 மி.லி.; அதாவது ஒரு சொட்டு. குமிழை மெல்லத் திருக வேண்டும், திருகியபின் ஓரிரு நொடி காத்திருக்க வேண்டும், அடைப்புத் திருகாணி கசியக்கூடாது என்ற விதிகள் எல்லாம் இந்த ஒரு சொட்டிலிருந்து வருகின்றன.

இரண்டாம் வகை நகரும் தகடு லென்ஸ். லூயிஸ் ஆல்வரெஸ் என்ற அமெரிக்க இயற்பியலாளர் இதற்கு 1967இல் காப்புரிமை பெற்றார். அடுத்த ஆண்டு வேறொரு பணிக்காக நோபல் பரிசும் பெற்றார். அலைபோல வளைந்த மேற்பரப்புள்ள இரண்டு பிளாஸ்டிக் தகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். இரண்டும் நேருக்கு நேர் பொருந்தியிருக்கும்போது ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தை ஈடுசெய்துவிடும், பவர் இருக்காது. பக்கவாட்டில் ஒன்றை இப்படியும் மற்றதை அப்படியும் சில மில்லிமீட்டர் நகர்த்தினால், இரண்டின் கூட்டுத் தடிமன் ஒரு சாதாரண லென்ஸின் தடிமன்போல ஆகிவிடும். நகர்த்தும் தூரம் கூடக் கூட பவர் கூடும். இதில் எண்ணெய் இல்லை, கசிவில்லை, லென்ஸ் வட்டமாகத்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் நடுப்பகுதி வழியாகப் பார்க்கும்போது மட்டும்தான் உருவம் நன்றாக இருக்கும். ஓரத்துக்குப் போகப் போகக் கலங்கும். தகடுகளுக்கு இடையே தூசி புகுந்தால் துடைக்கவும் வழியில்லை.

பிள்ளையின் கண் லென்ஸைவிட வலுவானது

நம் கண்ணுக்குள்ளும் பவர் மாறும் லென்ஸ் ஒன்று இருக்கிறது. அருகில் உள்ளதைப் பார்க்கும்போது உள்தசை இறுகி அந்த லென்ஸைக் குண்டாக்கும். பிளஸ் பவர் கூடும். 45 வயதில் இப்படிக் கூட்டக்கூடியது 3, 4 டயாப்டர்தான். 12 வயதில் அது 10 டயாப்டருக்கு மேல். பிள்ளைகளின் இந்தப் பலம்தான் தானே பவர் மாற்றும் கண்ணாடியின் பெரிய சிக்கல்.

உண்மையில் மைனஸ் 2 வேண்டிய பிள்ளை குமிழை மைனஸ் 4 வரை திருகிவிட்டது என்று வையுங்கள். கண்ணாடி 2 டயாப்டர் கூடுதல் மைனஸ் கொடுக்கிறது. பிள்ளையின் கண் தசையை இறுக்கி 2 டயாப்டர் பிளஸ்ஸைத் தானே சேர்த்துக்கொள்கிறது. முடிவில் எழுத்து அட்டையின் கடைசி வரியும் தெளிவாகத் தெரியும். பிள்ளை மகிழ்ச்சியோடு “தெரியுது” என்று சொல்லும். ஆசிரியரும் திருப்தியாக எழுதிக்கொள்வார். ஆனால் அந்தக் கண் நாள் முழுவதும் இறுகிய தசையோடு கரும்பலகையைப் பார்க்க வேண்டும்; புத்தகத்தைப் பார்க்கும்போது இன்னும் அதிகம் இறுக வேண்டும். மாலையில் தலைவலி, நெற்றிச் சுளிப்பு, படிக்கும்போது எழுத்து கலங்குவது எல்லாம் அதன் விளைவுகள். நான்கு நாளில் கண்ணாடி பைக்குள் போய்விடும்.

அதாவது, பிள்ளைகள் விஷயத்தில் ‘எத்தனையாவது வரி வரை படித்தது’ என்பது கண்ணாடியின் பவர் சரி என்பதற்குச் சான்று ஆகாது. குறைவான மைனஸ் இருந்தால் வரி காட்டிக்கொடுத்துவிடும். அதிகமான மைனஸை வரி காட்டாது. இந்த ஒருபக்கத் தன்மையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் ஆய்வு முடிவுகளையும் படிக்க வேண்டும். தென்சீனக் கிராமப்புறத்தில் 12 முதல் 18 வயதுள்ள 648 மாணவர்களிடம் நடந்து 2011இல் வெளியான ஆய்வு இதில் அதிகம் பேசப்படுவது. கண்ணாடி இல்லாமல் 6/7.5 அளவை (நல்ல பார்வை 7.5 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை 6 மீட்டரிலிருந்து படிப்பது) எட்டியவர்கள் சுமார் 5 விழுக்காடு. ஏற்கெனவே வைத்திருந்த கண்ணாடியோடு சுமார் 30 விழுக்காடு. தாங்களே திருகிக்கொண்ட கண்ணாடியோடு சுமார் 97 விழுக்காடு. மிகப் பெரிய முன்னேற்றம்தான். முறையாகச் சொல்லிக்கொடுத்தால் 12 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளால் இதைச் செய்ய முடியும் என்பதை அது ஐயமின்றிக் காட்டியது. ஆனால் வரியைப் படிப்பதும் பவர் சரியாக அமைவதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நியாயமாகப் பார்த்தால் கண்ணாடிக் கடைகளில் பவர் அளக்கும் கணினிக் கருவியும், கண் தசையைத் தளர்த்தும் சொட்டு மருந்து போடாமல் பிள்ளைகளை அளந்தால், இதே மைனஸ் பக்கம்தான் சாய்கிறது.

தூரப்பார்வை உள்ள பிள்ளையிடம் சிக்கல் இன்னும் ஆழமானது. பிளஸ் 3 தேவைப்படும் பிள்ளை கண்ணாடி இல்லாமலேயே 3 டயாப்டரை இறுக்கிச் சேர்த்துக்கொண்டு தூரத்து எழுத்தைப் படித்துவிடும். குமிழைத் திருகச் சொன்னால் பழகிப்போன அந்த இறுக்கம் முழுவதும் தளராது; பிளஸ் 1 அருகில் வந்து நின்றுவிடும். இதை வெளிக்கொண்டுவர, தசையைத் தற்காலிகமாகச் செயலிழக்கச் செய்யும் சைக்ளோபென்டோலேட் போன்ற சொட்டு மருந்தும் அதைப் போட்டுப் பரிசோதிக்கத் தெரிந்தவரும் வேண்டும். தானே பவர் மாற்றும் கண்ணாடி அடிப்படையில் கிட்டப்பார்வைக்கான கருவி என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

திருகும் முறை

எல்லாமே திசையில் இருக்கிறது. அதிகபட்ச பிளஸ்ஸில் தொடங்கி மைனஸை நோக்கி வர வேண்டும். பிளஸ்ஸில் இருக்கும்போது எல்லாமே மங்கல். அந்த நிலையில் கண் தசையை இறுக்கினால் மங்கல் கூடுமே தவிரக் குறையாது. அதனால் தசை தானாகத் தளரும். மங்கலிலிருந்து மெல்லக் குறைத்துக்கொண்டே வந்து, எழுத்து தெளிவாகும் முதல் புள்ளியில் நிற்பதே முறை. பூஜ்யத்தில் தொடங்கி இரு பக்கமும் திருகிப் பார்க்கச் சொன்னால் பிள்ளை நிச்சயம் மைனஸ் பக்கம் அதிகமாகப் போய் நிற்கும்.

அட்டை 6 மீட்டரில் இருக்க வேண்டும். அறை சிறியதென்றால் 3 மீட்டருக்கென அச்சிட்ட அட்டையைப் பயன்படுத்தலாம். ஆனால் 3 மீட்டரில் தெளிவாக்கியது வெகுதூரத்துக்கு மூன்றில் ஒரு டயாப்டர் குறையும். 6 மீட்டரில் அந்தக் குறை ஆறில் ஒன்றுதான். 6/6 வரியின் எழுத்து உயரம் 6 மீட்டருக்கு 8.7 மி.மீ. இருக்க வேண்டும், 6/12 வரி 17.5 மி.மீ. அட்டையை நகல் எடுக்கும்போது அளவு மாறிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அடிக்கோலால் ஒருமுறை அளந்து பார்த்துவிட்டால் போதும். வெளிச்சம் அட்டையின்மேல் விழ வேண்டும். சன்னலை ஒட்டி மாட்டினால் பிள்ளையின் கண்ணில் கூசும். E போன்ற மூன்று கால் சின்னத்தை நான்கு திசையிலும் திருப்பிப் போட்ட அட்டை எழுத்தட்டையைவிட நல்லது. வரிசையில் நிற்கும் அடுத்த பிள்ளைகள் எழுத்துகளை மனப்பாடம் செய்துவிடுவார்கள். திசைகளை மனப்பாடம் செய்வது கடினம்.

பிறகு ஒரு கண்ணை மறைக்க வேண்டும். விரலால் அழுத்தி மறைத்தால் அந்தக் கண் சில நிமிடம் மங்கிப்போய் அடுத்த அளவைக் கெடுக்கும். கண்ணாடியின் மேலேயே செருகும் கறுப்பு மூடி சிறந்தது. திறந்த கண்ணுக்கான குமிழை முழு பிளஸ்ஸுக்குக் கொண்டுபோய் நிறுத்தி, பிள்ளையைப் பத்து நொடி சும்மா பார்க்கவிட வேண்டும். அடுத்து, சிறிது திருகி இரண்டு மூன்று நொடி நிறுத்தி, மீண்டும் சிறிது திருகி வர வேண்டும். பெரிய சின்னங்கள் முதலில் தெளியும், சிறியவை பிறகு. மிகச் சிறிய வரி தெளிந்ததும் நிறுத்தி, மீண்டும் பிளஸ் பக்கம் லேசாக மங்கும் வரை பின்னால் போய், மறுபடி முன்னால் வந்து தெளியும் முதல் இடத்தில் நிறுத்த வேண்டும். முன்னும் பின்னுமாகப் போய்வரும் இந்தக் கடைசித் திருத்தம்தான் அதிகம் பிழை பிடிக்கும் இடம். நேரம் மிச்சம் என்று இதை விட்டுவிடக்கூடாது.

கூட நிற்பவர் சொல்லும் சொல்லும் முக்கியம். “இன்னும் தெளிவா வருதா பாரு” என்று ஊக்கப்படுத்தினால் பிள்ளை இன்னும் திருகும். பெரியவரைத் திருப்திப்படுத்தவே திருகும். “முன்னைவிட அதிகமா வரி படிக்க முடியுதா, இல்லை அதே வரிதானா?” என்று கேட்க வேண்டும். அதே வரி என்றால் நின்றுவிட வேண்டும். “கறுப்பா, சின்னதா இருக்கு” என்று பிள்ளை சொன்னால் அது தெளிவின் அடையாளமல்ல. மைனஸ் அதிகமாகிவிட்டதன் அடையாளம். உடனே பின்னால் வர வேண்டும். கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பிள்ளையையும் கவனிக்க வேண்டும். சுருக்கிய இமையின் இடைவெளி ஊசித்துளைபோல வேலை செய்து, இல்லாத தெளிவைத் தந்துவிடும்.

இரண்டு கண்ணும் முடிந்தபின் ஒரு சோதனை இருக்கிறது. செலவில்லாதது, பலரும் விட்டுவிடுவது. திருகி முடித்த கண்ணாடியின் முன்னால், ஒவ்வொரு கண்ணாக, பிளஸ் 1 லென்ஸ் ஒன்றைப் பிடிக்க வேண்டும். பவர் சரியாக இருந்தால் 6/6 படித்த பிள்ளைக்கு இரண்டு, மூன்று வரிகள் மங்கிப் போகும். பிளஸ் 1 பிடித்தும் கடைசி வரியைப் படிக்கிறதென்றால் சுமார் 1 டயாப்டர் மைனஸ் அதிகமாகத் திருகியிருக்கிறது என்று பொருள். முழு பிளஸ்ஸிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். வரியால் காட்ட முடியாததை இந்த ஒரு லென்ஸ் காட்டிவிடும். எந்தப் பள்ளி முகாமும் இது இல்லாமல் குமிழைத் திருகவிடக் கூடாது. சிவப்பு, பச்சைப் பின்னணியில் எழுத்துள்ள அட்டை இருந்தால் இன்னொரு உறுதி கிடைக்கும்: பச்சையில் எழுத்து கூர்மையாகத் தெரிந்தால் மைனஸ் அதிகம்.

முறையாகச் செய்தால் ஒரு பிள்ளைக்குப் பத்து நிமிடமாவது வேண்டும். ஒரு வகுப்பை அரை மணியில் முடித்துவிடலாம் என்று திட்டமிடுபவர்கள் கண்ணாடிகளை விநியோகிக்கிறார்கள், பார்வையைத் திருத்துவதில்லை.

யாரிடம் குமிழைக் கொடுக்கக் கூடாது

குமிழுக்கு முன்னால் ஒரு வடிகட்டல் தேவை. இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சோதித்து, 6/12 வரியைப் படிக்க முடியாத பிள்ளைகளைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு ஊசித்துளைச் சோதனை: ஒரு மில்லிமீட்டர் சொச்சம் விட்டமுள்ள துளை போட்ட கறுப்பு அட்டை வழியாக அதே வரிகளைப் படிக்கச் சொல்வது. துளை வழியாகப் பார்வை கூடினால் குறை பவரில்தான் இருக்கிறது, கண்ணாடியால் சரியாகும். கூடவில்லையென்றால் கருவிழித் தழும்பு, கண்புரை, விழித்திரைக் கோளாறு, சோம்பேறிக் கண் (சிறுவயதில் மூளை சரியாகப் பயன்படுத்தாததால் பார்வை வளராத கண்) என ஏதோ ஒன்று இருக்கக்கூடும். அந்தப் பிள்ளை அன்றே கண் மருத்துவரிடம் அனுப்பப்பட வேண்டும்.

மாறுகண் இருந்தாலும், ஒரு கண் மற்றதைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தாலும், பாவையில் வெள்ளை தெரிந்தாலும், கண் ஆடிக்கொண்டே இருந்தாலும், ஓயாமல் கண்ணைக் கசக்கும் பழக்கத்தோடு பவர் வேகமாக ஏறிவந்தாலும் குமிழ் கூடாது. பிளஸ் 2 லென்ஸைப் பிடித்தபோதும் தூர வரியை எளிதாகப் படிக்கும் பிள்ளைக்குத் தூரப்பார்வை மறைந்திருக்கிறது. அதற்கும் மருத்துவரே வழி. 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இந்தக் கண்ணாடி பரிந்துரைக்கப்படாததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இறுக்கும் பலம் இன்னும் அதிகம். ‘முதல் தெளிவில் நிறுத்து’ என்ற கட்டளையைப் பொறுமையாகக் கடைப்பிடிக்கும் பக்குவம் குறைவு. அதோடு சோம்பேறிக் கண்ணைத் திருத்தும் காலமும் அந்தச் சிறுவயதுதான். அரைகுறைத் திருத்தம் ஒன்றைக் கொடுத்து ‘சரியாகிவிட்டது’ என்று அனுப்பினால் அந்தக் காலம் கைநழுவிப் போகும். இழந்தபின் அதை எந்தக் கண்ணாடியாலும் மீட்பது கடினம்.

குமிழுக்கு எட்டாதவை

திரவ லென்ஸோ தகடு லென்ஸோ எல்லாத் திசையிலும் ஒரே அளவு பவர்தான் தரும். சிலிண்டர் பவர், அதாவது ஒரு திசையில் ஒன்றும் அதற்குக் குறுக்கே இன்னொன்றுமாக இருக்கும் குறையை அவற்றால் நீக்க முடியாது. மைனஸ் 2 ஸ்பியர் (எல்லாத் திசைக்கும் பொதுவான பவர்), மைனஸ் 0.75 சிலிண்டர் உள்ள பிள்ளை திருகும்போது, நடுவாந்தரமான மைனஸ் 2.25, 2.5 அருகில் நிற்கும். எஞ்சிய சிலிண்டர் சிறியதாக இருப்பதால் பெரிய தொந்தரவு இருக்காது. சிலிண்டர் 1.5, 2 என்று போனால் எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஒரு திசைக் கோடுகள் மங்கலாகவே இருக்கும். பிள்ளை குமிழை முன்னும் பின்னும் அலைக்கழித்துக்கொண்டு முடிவுக்கு வர முடியாமல் தவிக்கும். அந்தத் தவிப்பையே ஒரு சோதனை முடிவாக எடுத்துக்கொள்ளலாம்: மூன்று முறை திருகி மூன்று வெவ்வேறு இடத்தில் நின்றால் அந்தப் பிள்ளைக்கு வேறு பரிசோதனை தேவை.

கண்ணிடைத் தூரம் இன்னொன்று. லென்ஸின் நடுப்புள்ளியும் பாவையின் நடுப்புள்ளியும் நேராக இருக்க வேண்டும். விலகினால் லென்ஸ் பட்டகம்போல வேலைசெய்து பார்வையைச் சாய்க்கும். எவ்வளவு என்பதைச் சென்டிமீட்டரில் விலகலையும் பவரையும் பெருக்கிக் கண்டுபிடிக்கலாம். சட்டத்தின் நடுப்புள்ளிகள் 60 மி.மீ. இடைவெளியில் இருந்து, பிள்ளையின் கண்ணிடைத் தூரம் 54 மி.மீ. என்றால் ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. விலகல். மைனஸ் 3 பவருக்கு ஒரு கண்ணுக்கு 0.9, இரண்டுக்கும் சேர்த்து 1.8 பிரிசம் டயாப்டர் (பட்டகம் பார்வையைச் சாய்ப்பதை அளக்கும் அலகு). அதைச் சமாளிக்கக் கண்கள் வெளிப்பக்கம் விரிய வேண்டும். அந்த வேலை கண்ணுக்குச் சிரமமானது. பெரியவர் அளவுச் சட்டத்தைப் பிள்ளைக்கு மாட்டக் கூடாது என்பதற்கு மூக்கில் நழுவுவதைவிட இது பெரிய காரணம். கண்ணாடி ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தால் இன்னும் மோசம். மேல்கீழ் விலகலைக் கண்கள் மிகக் குறைவாகவே பொறுத்துக்கொள்ளும்.

பழுதாவது எங்கே

பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மைனஸ் பவர்தான் வேண்டும். மைனஸில் திரவ லென்ஸின் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு; எண்ணெயை உறிஞ்சித்தான் சவ்வைக் குழித்திருக்கிறோம். அடைப்பில் மயிரிழைக் கசிவு இருந்தால் எண்ணெய் வெளியே வராது. காற்று உள்ளே போகும். குமிழி ஒன்று தோன்றும், பவர் மெல்லப் பூஜ்யத்தை நோக்கி நகரும். எண்ணெய் ஒழுகாததால் யாரும் கவனிக்க மாட்டார்கள். லென்ஸின் மேல் ஓரத்தில் சிறு குமிழி தெரிகிறதா என்று ஆசிரியர் மாதம் ஒருமுறை பார்த்தாலே போதும்.

வெயிலில் கிடந்த கண்ணாடியில் பவர் நகர்வதும் உண்டு. லென்ஸில் 2 மி.லி. எண்ணெய் இருப்பதாகக் கொண்டால், 10 டிகிரி சூடேறும்போது அது சுமார் 0.02 மி.லி. விரியும், பவரில் 0.1 டயாப்டர் அளவுக்கு மாற்றம், யாரும் உணர மாட்டார்கள். சூடு இன்னும் 30 டிகிரி ஏறினால் கால் டயாப்டரைத் தாண்டிவிடும். ஆறியதும் பழைய நிலைக்கு வரும். இதைக் கண் கெட்டுவிட்டதாக நினைத்துப் பிள்ளை குமிழைத் திருகிவிடுவதுதான் உண்மையான ஆபத்து. சிரிஞ்சுகளைக் கழற்றி வைத்துவிட வேண்டும் என்று வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம். பந்தடித்து நசுங்கும் சட்டம், தோழர்கள் விளையாட்டாகத் திருகிப் பார்க்கும் குமிழ், உடைந்த திருகாணி ஆகியவற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அணிவார்களா

பவர் சரி, சட்டம் சரி. பிள்ளை முகத்தில் இருக்க வேண்டுமே. சீனாவின் மேற்குப் பகுதியில் சுமார் 250 தொடக்கப்பள்ளிகளில் நடந்து 2014இல் வெளியான பெரிய ஆய்வில், கண்ணாடி தேவைப்பட்ட 3,177 பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு இலவசமாகச் சாதாரணக் கண்ணாடியே கொடுத்தார்கள். கணக்குத் தேர்வில் அவர்களின் மதிப்பெண் அளவிடத்தக்க அளவு உயர்ந்தது. ஆனால் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்தபோது இலவசக் கண்ணாடி பெற்றவர்களிலும் பாதிக்கும் குறைவானவர்கள்தான் அணிந்திருந்தார்கள். கிண்டலுக்குப் பயம், கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெடும் என்ற வீட்டாரின் நம்பிக்கை, தலைவலி எனக் காரணங்கள் பல. அந்த நம்பிக்கை தவறு என்பதோடு, எதிர்மாறான சான்றும் உண்டு: மலேசியாவில் 9 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் நடந்து 2002இல் வெளியான சோதனையில், வேண்டுமென்றே 0.75 டயாப்டர் குறைத்துக் கொடுத்தவர்களுக்குத்தான் கிட்டப்பார்வை சற்று வேகமாக ஏறியது.

இங்கே திரவ லென்ஸுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. சவ்வு எல்லாப் பக்கமும் சீராகப் புடைக்க வேண்டுமென்றால் லென்ஸ் வட்டமாக இருக்க வேண்டும். வட்டச் சட்டம், தடித்த விளிம்பு, பக்கவாட்டில் குழாய். பதின்ம வயதுப் பெண்ணோ பையனோ அதை அணிந்து வகுப்புக்குள் நுழைவது சாதாரணமல்ல. அவர்களின் தயக்கத்தை அறியாமை என்று ஒதுக்குபவர்கள் அந்த வயதை மறந்தவர்கள்.

பெங்களூரில் 11 முதல் 15 வயதுப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்து 2017இல் வெளியான ஆய்வு வேறொரு வாசலைத் திறக்கிறது. அளந்து அரைத்த கண்ணாடியையும், இரு கண்ணுக்கும் ஒரே பவர் கொண்ட ஆயத்தக் கண்ணாடியையும் ஒப்பிட்டார்கள். பிள்ளைகளில் சுமார் 86 விழுக்காட்டினருக்கு ஆயத்தக் கண்ணாடியே பொருந்தும் நிலை இருந்தது. மூன்று, நான்கு மாதங்கள் கழித்துத் திடீரென்று போய்ப் பார்த்தபோது இரு பிரிவிலும் நான்கில் மூன்று பங்குப் பிள்ளைகள் அணிந்தோ கையில் வைத்தோ இருந்தார்கள். பிடித்த சட்டத்தைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்க முடிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு தெளிவாகிறது. தானே பவர் மாற்றும் கண்ணாடியைப் பிள்ளை ஆண்டு முழுவதும் அணியும் பொருளாகப் பார்ப்பதைவிட, அளக்கும் கருவியாகப் பார்ப்பதே பொருத்தம். பத்துக் கருவிகள் ஒரு பள்ளிக்குப் போகட்டும். பிள்ளைகள் வரிசையாகத் திருகி, பிளஸ் 1 சோதனையில் தேறி, கிடைத்த பவரைக் குறித்துக்கொள்ளட்டும். பிறகு, கால் அல்லது அரை டயாப்டர் படிகளில் முன்பே வெட்டி வைத்த லென்ஸ்களைப் பிள்ளை விரும்பிய சட்டத்தில் அழுத்திப் பொருத்திக் கொடுக்கலாம். வலக்கண்ணுக்கு ஒன்று, இடக்கண்ணுக்கு வேறொன்று என்று போட முடிவதால் ஆயத்தக் கண்ணாடியின் பெரிய குறையும் நீங்கும். சட்டம் இலேசாக, சாதாரணமாக, உடைந்தால் மாற்றக்கூடியதாக இருக்கும். கருவியோ அடுத்த பள்ளிக்குப் போகும். லென்ஸ் கையிருப்பே வந்துசேராத தொலைதூரத்தில், இருக்கும் ஒரே வழி திரவக் கண்ணாடியை அப்படியே மாட்டிக்கொள்வதுதான் என்றால், தாராளமாக மாட்டிக்கொள்ளட்டும். மங்கலாகப் பார்ப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

கிட்டப்பார்வை வளரும் பிள்ளைகளிடம் நிற்பதில்லை. ஆண்டுக்கு அரை டயாப்டர் ஏறுவது சாதாரணம். ஆகவே திருகியது ஒருமுறையோடு முடிவதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சீட்டு வேண்டும்: தேதி, ஒவ்வொரு கண்ணும் கண்ணாடி இல்லாமல் படித்த வரி, ஊசித்துளையில் படித்த வரி, திருகி நின்ற பவர், பிளஸ் 1 பிடித்தபோது மங்கிய வரிகள். திரவக் கண்ணாடியின் குமிழில் எண் குறிக்கப்படாவிட்டால் பவரை லென்ஸோமீட்டரில் வைத்துப் படித்து எழுத வேண்டும். அடுத்த ஆண்டு அதே சீட்டோடு மீண்டும் முழு பிளஸ்ஸிலிருந்து தொடங்க வேண்டும். ஓர் ஆண்டில் 1 டயாப்டருக்கு மேல் ஏறியிருந்தாலோ, சென்ற ஆண்டு எட்டிய வரியை இப்போது எப்படித் திருகியும் எட்ட முடியவில்லை என்றாலோ அந்தச் சீட்டோடு பிள்ளையைக் கண் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.